முதல் பூவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது: 'உலகின் முதல் பூ கண்டுபிடிப்பு'. கூடவே ஒரு படம் இருக்கும். சாம்பல் நிறக் கல். அதன்மேல் கரி பூசினாற்போல ஒரு தடம். நடுவிலிருந்து நான்கைந்து இதழ்கள் விரிந்திருப்பதாக நம் கண் உடனே முடிவுகட்டிவிடும். 2018 டிசம்பரில் வந்த படம் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. சீனாவின் நாஞ்சிங் நகரை ஒட்டிய தெற்கு சியாங்ஷான் பாறைப் படிவிலிருந்து எடுத்த 34 கற்பலகைகள், அவற்றில் 198 'பூக்கள்'. வயது 17 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். நாஞ்சிங்காந்தஸ் என்று பெயர் வைத்தார்கள். துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மிகப் பழைய பூந்தாவரத் தடயங்களுக்கு ஏறத்தாழ 13 கோடியே 50 லட்சம் வயது. ஒரே தாவலில் பூவின் வரலாறு கிட்டத்தட்ட 4 கோடி ஆண்டு பின்னால் போய்விட்டது.

அது பூ என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்லத் தொடங்கினால், பூ என்றால் என்ன என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பெரும்பாலான விவாதங்கள் தடம் மாறிப்போகின்றன.

அவரைக்காயின் தையல்

அரிதாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. காய் என்று நாம் நினைக்கும் அந்த உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் உள்நோக்கிப் பூக்கின்றன. வெளியே இதழ் தெரியாததால் பூவே இல்லை என்று நினைத்துவிட்டோம். நெல்லும் பூக்கிறது, தென்னம்பாளையிலும் பூதான். இதழ், நிறம், மணம் இவையெல்லாம் பூச்சியை அழைப்பதற்காகச் சில பூக்கள் செய்துகொண்ட ஏற்பாடு. பூந்தாவரத்தை மற்ற விதைத் தாவரங்களிலிருந்து பிரிப்பது இவற்றில் எதுவும் இல்லை. விதையாகப் போகிற சூலை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறதா என்பதே கேள்வி. அந்த அறைதான் சூலிலை. மூடுவிதைத் தாவரம் என்ற பெயரும் அதனால்தான் வந்தது.

சமையலறையிலேயே இதைப் பார்த்துவிடலாம். ஓர் அவரைக்காயைப் பிளந்து பாருங்கள். விதைகள் எல்லாம் ஒரே விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், எதிர் விளிம்பில் ஒன்றுகூட இருக்காது. ஓர் இலையை நடுநரம்பில் மடித்து, அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் எப்படி ஒரு பை கிடைக்குமோ, அந்தப் பைதான் அவரைக்காய். விதை ஒட்டியிருப்பது தைத்த ஓரம். எதிரே இருப்பது இலையின் நடுநரம்பு. நார் உரிக்கும்போது நாம் கிழிப்பது இந்த இரண்டு கோடுகளையும்தான். முதல் பூவைத் தேடுகிறவர்கள் உண்மையில் தேடுவது அந்தத் தையலை. இதழைத் தேடி அலைந்தால் ஏமாந்துபோவோம்.

எவ்வளவு எளிதாக ஏமாறலாம் என்பதற்குச் சவுக்கு மரமே போதும். ஊசிபோன்ற இலை, செதில் செதிலான கூம்புக் காய். பார்த்தவுடன் பைன் குடும்பம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் சவுக்கு பூந்தாவரம். இலை என்று நினைப்பது பச்சைக் குச்சி. உண்மையான இலைகள் அதன் கணுக்களில் வெறும் பற்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. 'கூம்பின்' ஒவ்வொரு வாயும் திறந்து வெளியே விழுவது சிறகு வைத்த ஒரு தனிக் கனி; விதை அதற்குள் பூட்டித்தான் இருக்கிறது. ஒரு சவுக்குக் காய் சேற்றில் அமுங்கித் தட்டையாகி, சில கோடி ஆண்டு கழித்துக் கல்லைப் பிளக்கும்போது கிடைத்தால், அதைக் கூம்பு என்று எழுதிவிட எத்தனை வாய்ப்பு! இதே தவறு தலைகீழாகவும் நடக்கலாம். நாஞ்சிங் கற்களைப் பற்றிய என் சந்தேகம் இதுதான்.

பூவைப்போல இருந்தவை, பூவைப்போல இல்லாதவை

தாவரவியல் படித்த எவருக்கும் வில்லியம்சோனியா சீவார்டியானாவின் படம் நினைவிருக்கும். இன்றைய ஜார்கண்டின் ராஜ்மகால் மலைகளில் கிடைத்த கல்லாகிய துண்டுகளை வைத்து 1932-இல் தொல்தாவர ஆய்வாளர் பீர்பல் சஹானி அந்த மரத்தை விவரித்தார். உச்சியில் கொத்தாக இலைகள், தண்டின் பக்கத்தில் பூப்போன்ற ஓர் உறுப்பு. சுற்றிலும் இதழைப்போல விரியும் வட்டச் செதில்கள். எதிரே வைத்துப் பார்த்தால் யாரும் பூ என்றே சொல்வார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கதை வேறு. நடுவில் ஒரு குமிழ். அதன்மேல் காம்புள்ள சூல்கள் நெருக்கமாக நிற்கின்றன. இடையிடையே தலை பருத்த செதில்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. செதில்களின் தலைகள் ஒன்றோடொன்று முட்டி ஒரு மேற்பரப்பு உண்டாகிறது. அதில் சூல்களின் நுனிக்குழாய்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. சூல்கள் பாதுகாப்பாகத்தான் இருக்கின்றன, ஆனால் அறைக்குள் இல்லை. கூட்ட நெரிசலில் மறைந்து நிற்பதும் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதும் ஒன்றாகாது. மகரந்தம் நேராகச் சூலின் வாய்க்கே வந்துவிடுகிறது. பூவில் அது சூலறையின் உச்சியான சூலகமுடியில் இறங்கி, குழாய் விட்டு, திசுவைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த மரங்கள் உடுத்திய டைலோஃபில்லம் வகை இலைகள் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளிலும் கிடைக்கின்றன. அந்தக் கூட்டமே பிறகு முற்றிலும் அழிந்துபோனது.

இனி எதிர்ப்பக்கம். ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரச் சுண்ணாம்புக் கற்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்ட ஒரு நீர்ச்செடி உண்டு, மோன்ட்செக்கியா. பார்த்தால் பாசிக்கொடி மாதிரி இருக்கும். இதழ் இல்லை, நிறம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை. 2015-இல் ஒரு குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தது. கல்லின்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுச் சுண்ணாம்பைக் கரைத்தார்கள். இங்கே அவசரம் கூடாது. சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்தால் நுரைத்து எழும் வாயு, காகிதத்தைவிட மெல்லிய செடியின் தோலைக் கிழித்துவிடும். வெளியே எடுத்த தோலை நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்த கலவையில் வெளுக்கவைத்து, நுண்ணோக்கியில் வைத்தபோது தெரிந்தது: ஒவ்வொரு சிறு கனிக்குள்ளும் ஒரே ஒரு விதை, மூடிய சுவருக்குள், தலைகீழாக. 12 கோடியே 50 லட்சத்திலிருந்து 13 கோடி ஆண்டு வரை வயதுள்ள அந்தச் செடி பூந்தாவரம்தான். நூறாண்டுக்கு மேல் கையிலேயே இருந்த மாதிரி அது. இதழைத் தேடிய கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்தின் ஆர்க்கியோஃப்ரக்டஸ் வேறொரு பாடம் சொல்கிறது. 1998-இல் அது வெளிவந்தபோது, ஏறத்தாழ 14 கோடியே 50 லட்சம் ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்ட ஜுராசிக் காலத்தது என்று சொல்லி, உலகமெங்கும் முதல் பூ ஆக்கிவிட்டார்கள். நீண்ட தண்டின் மேல்பகுதியில் சூலிலைகள், கீழே மகரந்தத்தாள்கள், இதழ் கிடையாது. சூலிலை மூடியிருந்ததால் பூந்தாவரம் என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் வயதில் வந்தது. அந்த ஏரிப் படிவுகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உண்டு. சாம்பலில் இருக்கும் படிகங்களுக்குள் பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாக மாறிச் சேர்ந்திருக்கும் அளவை எடுத்தபோது கிடைத்த வயது ஏறத்தாழ 12 கோடியே 50 லட்சம். இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் ஒரேயடியாகக் குறைந்துபோனது. 'முதல்' என்ற பட்டம் நிற்க வேண்டுமானால் உறுப்பும் சரியாக இருக்க வேண்டும், வயதும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று சறுக்கினாலும் பட்டம் போய்விடும்.

ரைனியில் நடந்தது

இந்த விவகாரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெளிவுபடுத்தியது பூவே இல்லாத ஓர் ஊர். ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ரைனி என்ற கிராமம். நிலத்தில் தாவரங்கள் எப்படித் தொடங்கின என்று கேட்டால், பாறையில் கிடைக்கும் முதல் சாட்சி சுமார் 47 கோடி ஆண்டு பழைய ஸ்போர்கள், அதாவது விதையில்லாத் தாவரங்கள் பரவுவதற்கு உதிர்க்கும் நுண்துகள்கள். பிறகு ஏறத்தாழ 43 கோடி ஆண்டு அளவில் குக்சோனியா என்ற, இலையோ வேரோ தெரியாத, கவட்டைபோலப் பிரியும் சிறு குச்சிகள். ஆனால் அவை தடங்கள் மட்டுமே. செடியின் உள்ளே ஒவ்வொரு செல்லையும் எண்ணிப் பார்க்க முடிந்தது 40 கோடியே 70 லட்சம் ஆண்டு பழைய ரைனியில்தான்.

எல்ஜின் நகரத்து மருத்துவர் வில்லியம் மேக்கி, 1910-களின் தொடக்கத்தில், அந்த ஊர் வயல்களின் கல்வேலிகளில் கிடந்த வித்தியாசமான கற்களைக் கவனித்தார். செர்ட் எனப்படும் சிலிக்காக் கற்கள். அன்று அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த வெந்நீர் பொங்கி வழிந்து, கரையோரச் செடிகளை நின்ற நிலையிலேயே நனைத்து, செல்லுக்குள் புகுந்து இறுகிவிட்டது. செடி அழுகத் தொடங்குவதற்குள் கல்லாகிவிட்டது என்பதுதான் முக்கியம். நசுக்கும் வேலைக்கே அங்கு இடமில்லை. தண்டு உருண்டையாகவே இருக்கிறது. இலைத்துளையின் இரண்டு காப்புச் செல்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு தண்டின் செல்லுக்குள் பூஞ்சை மரம்போலக் கிளைத்து நிற்பதைக்கூட 1994-இல் காட்டினார்கள். இன்றைக்கும் பெரும்பாலான செடிகளின் வேரில் நடக்கிற அதே கூட்டு வாழ்க்கை.

இந்தக் கல்லைப் படிக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். வைர ரம்பத்தால் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு வில்லை அறுக்கிறார்கள். ஒரு முகத்தை வழுவழுப்பாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். பிறகு சிலிக்கன் கார்பைடு பொடி போட்டு மறுமுகத்தைத் தேய்த்துக்கொண்டே போகிறார்கள், ஒளி ஊடுருவும் வரை. பாறைகளின் தாதுக்களைப் பார்ப்பவர்கள் வழக்கமாக 30 மைக்ரோமீட்டர் வரை தேய்ப்பார்கள். ரைனிக்கு அது ஆகாது. செல்லே அதைவிடப் பெரிதாக இருக்கும்போது அத்தனை மெலிதாக்கினால் செல்லின் சுவர்கள் எப்படிச் சேர்கின்றன என்பது தெரியாமல் போய்விடும். அதனால் 50 முதல் 150 மைக்ரோமீட்டரில் நிறுத்திக்கொண்டு, எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். ஒட்டும்போது ஒரு காற்றுக்குமிழி மாட்டினால் அந்த இடம் போயிற்று. தேய்ப்பதில் பத்து விநாடி கூடினால் செடியே போயிற்று. ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பத்தின் தடிப்பளவு கல் தூளாகப் போய்விடுகிறது. அந்தத் தூளுக்குள் என்ன இருந்தது என்று இனி எவரும் பார்க்க முடியாது.

கிட்ஸ்டன், லாங் என்ற இருவர் 1917 முதல் 1921 வரை ஐந்து கட்டுரைகளில் இச்செடிகளை விவரித்தார்கள். அவற்றில் இரண்டை ரைனியா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார்கள். சிறியது ரைனியா க்வின்-வாகனி, பெரியது ரைனியா மேஜர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம், இரண்டுக்கும் இலை இல்லை, இரண்டும் கவட்டையாகக் கிளைக்கின்றன, இரண்டின் நுனியிலும் ஸ்போர்ப் பை, இரண்டின் நடுவிலும் நீர் கடத்தும் ஓர் இழை. அண்ணன் தம்பி என்று நினைத்ததில் தவறொன்றும் இல்லை. நிலத்தின் ஆதிக் குழாய்த் தாவரம் என்று அறுபது ஆண்டுக்கு மேல் இரண்டையும் சேர்த்தே கற்பித்தார்கள். பிறகு நடு இழையின் செல்களை மறுபடி உற்றுப் பார்த்தார்கள். நீர் கடத்தும் சைலம் செல்லின் உள்சுவரில் வளையமாகவோ சுருளாகவோ தடிப்பு இருக்க வேண்டும். உறிஞ்சும் விசையில் குழாய் உள்வாங்கிச் சப்பிவிடாமல் காப்பது அதுதான். சிறிய ரைனியாவில் அது இருக்கிறது. பெரியதில் இல்லை. அதன் நீர்ச்செல்கள், ஈரச்சுவரில் படரும் மாஸ் வகை நிலப்பாசிகளின் நீர்ச்செல்களைப் போன்றவை. 1986-இல் பெரியதை ரைனியாவிலிருந்து பிரித்து அக்லாவோஃபைட்டன் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். பழைய பாடநூல்களில் அது ரைனியா மேஜராகவே நின்றுவிட்டது.

உருவம், கிளைப்பு, உயரம், வாழ்ந்த இடம் இத்தனையும் ஒத்துப்போன இரண்டு செடிகளை ஒரு செல் சுவரின் தடிப்பு பிரித்துவிட்டது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. இந்த இரண்டும் ரைனியில் இல்லாமல் ஒரு சேற்றுப்பாறையில் தட்டையாகக் கிடைத்திருந்தால், இன்றுவரை ஒரே பேரினமாகத்தான் இருந்திருக்கும். தவறு நடந்திருக்கிறது என்றே தெரிந்திருக்காது. கல்லில் இருக்கும் உருவத்துக்குப் பெயர் வைக்குமுன், அந்தக் கல் எந்த உறுப்பைக் காட்டும் திறன் உடையது என்று கேட்டாக வேண்டும். பதில் 'காட்டாது' என்றால், அந்த உறுப்பை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

தட்டையான கல் சொல்லாதது

இப்போது நாஞ்சிங் கற்களுக்குத் திரும்பலாம். அவை அமுங்கிய தடங்கள். சேறு மூடுகிறது, மேலே சேறு ஏற ஏற எடை கூடுகிறது, நீர் பிழியப்படுகிறது, முப்பரிமாண உறுப்பு ஒரு கரிப் படலமாகிறது. மேலே இருந்தது, கீழே இருந்தது, உள்ளே இருந்தது எல்லாம் ஒரே தளத்தில் வந்து சேர்ந்துவிடும். சுத்தியலால் தட்டும்போது கல் அந்தப் படலத்தின் வழியாகவே பிளக்கும். பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். இதில் 'சூலறையின் கூரை மூடியிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். நாஞ்சிங்காந்தஸை விவரித்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கிளை விட்ட சூலகத்தண்டும் தெரிகிறது என்றார்கள். 2019-லும் 2020-லும் வந்த மறுப்புகள் அதே படங்களை வைத்துக்கொண்டே, இது ஊசியிலை மரக்கூம்பாக இருக்கலாமே என்று கேட்டன. ஐந்தைந்தாக இதழ் இருக்கிறது என்ற கணக்கும் எண்ணிப் பார்த்தால் நிற்கவில்லை என்றன. கூம்பின் செதில் மேல் விதை திறந்தபடி உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டையாக நசுக்கினால், இதழுக்குள் விதை இருப்பதுபோலத்தான் தெரியும். மூடியதும் மூடாததும் நசுங்கிய பிறகு ஒன்றே.

198 இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். எண்ணிக்கை இங்கே உதவாது. ஒரே குறை எல்லா மாதிரிக்கும் பொதுவாக இருக்கும்போது, 198 தடவை பார்த்தாலும் ஒரே தடவை பார்த்ததுதான். ரைனியில் ஒரே ஒரு நல்ல வெட்டு போதுமாக இருந்தது.

களிமண்ணின் மௌனம்

உருவத்தை ஒதுக்கிவிட்டு வேறு சாட்சி தேடினால் மகரந்தம் இருக்கிறது. மகரந்தத்தின் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. பாறையையே கரைக்கும் அமிலத்துக்கும் அது அசைந்துகொடுக்காது. அதனால்தான் பிரித்தெடுக்கும் முறையே பாறையைக் கரைப்பதாக இருக்கிறது. சில பத்து கிராம் களிப்பாறையைப் பட்டாணி அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். உடைப்பதற்கு முன் வெளிப்பரப்பைச் சுரண்டி எறிவது முக்கியம். நேற்றைய புல்லின் மகரந்தம் அதில்தான் ஒட்டியிருக்கும். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுண்ணாம்பு போவதற்கு. இந்தப் படியைத் தாண்டக் கூடாது. கால்சியம் மிஞ்சியிருக்கும் மாதிரியில் அடுத்த அமிலத்தை விட்டால் கால்சியம் ஃபுளோரைடு படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், சிலிக்கேட்டைக் கரைக்க. கண்ணாடிப் பாத்திரத்தையே தின்னும் அமிலம் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரம்தான். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலேயே எலும்பு வரை போகக்கூடியது. புகைபோக்கிப் பெட்டி, தடித்த கையுறை, கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளூக்கோனேட் களிம்பு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. நடுநிலை வரும்வரை கழுவி, 10 மைக்ரோமீட்டர் அளவிலான வலையில் வடித்து, கனமான துத்தநாக புரோமைடு கரைசலில் சுழற்றினால் தாது கீழே போகும், மகரந்தம் மேலே மிதக்கும். வலையின் கண் பெரிதாக இருந்தால் சிறிய மகரந்தம் கழிவுநீரோடு போய்விடும். கருத்திருந்தால் நைட்ரிக் அமிலத்தில் கொஞ்சம் வெளுக்கவைக்கலாம். அதிகமானால் மெல்லிய சுவருள்ளவைதான் முதலில் கரையும். நாம் தேடுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

பூந்தாவர மகரந்தத்தை அடையாளம் காட்டுவது சுவரின் அமைப்பு. தளமும் கூரையும் நடுவில் தூண்களுமாக, ஒரு மண்டபம்போல இருக்கும். இப்படிப்பட்ட, ஒரே பள்ளம் உள்ள மகரந்தம் இங்கிலாந்து, இஸ்ரேல், இத்தாலிப் பாறைகளில் ஏறத்தாழ 13 கோடியே 50 லட்சத்தை ஒட்டித் தலைகாட்டுகிறது. முதலில் அபூர்வமாக, பிறகு கூடிக்கொண்டே. சுமார் 12 கோடியே 50 லட்சத்தில் மூன்று பள்ளம் உள்ளவை வருகின்றன. அதற்குக் கீழே உள்ள ஜுராசிக் அடுக்குகளில் பெரணி ஸ்போரும் ஊசியிலை மகரந்தமும் லட்சக்கணக்கில் இருக்க, மண்டபச் சுவர் மகரந்தம் மட்டும் காணவில்லை. இந்த மௌனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பூ நசுங்கும், அழுகும். மகரந்தம் அப்படி எளிதில் தொலைந்துபோகிற பொருள் இல்லை.

ஆனாலும் இது முழு நிம்மதி தரவில்லை. 2013-இல் வட சுவிட்சர்லாந்தின் ஆழ்துளை மாதிரிகளில், 24 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய அடுக்கிலிருந்து, பூந்தாவர மகரந்தம் போன்றவற்றைப் படம் போட்டுக் காட்டினார்கள். சுவர் அமைப்பும் பெருமளவு ஒத்துப்போகிறது. நடுவில் பத்துக் கோடி ஆண்டு இடைவெளி. அழிந்துபோன வேறு ஏதோ ஒரு விதைத் தாவரம் தனியாக அதே சுவரைக் கட்டியிருக்கலாம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி எடுத்துக்கொள்ளும்போது, ஒத்த தோற்றத்தை நம்பாதே என்ற விதியை என் தரப்புச் சாட்சிக்கும் பொருத்த வேண்டியிருக்கிறது. ஒரே ஓர் உறுப்பை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் தீர்ப்பு இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

மரபணுக்களில் சேர்ந்த மாற்றங்களை எண்ணி வயது கணிக்கும் மரபணுக் கடிகாரம் வேறு குடைகிறது. 2019-இல் 2,881 பசுங்கணிக மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இன்றைய பூந்தாவரங்களின் பொது மூதாதையை 20 கோடி ஆண்டுக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தது. இந்தக் கடிகாரம் சீராக ஓடுவதில்லை. ஆண்டுக்கொரு தலைமுறை எடுக்கும் பூண்டுகளில் மாற்றம் வேகமாகச் சேர்கிறது, மரங்களில் மெதுவாக. முதல் பூந்தாவரம் வேகமாக மாறுகிற சிறு செடியாக இருந்திருந்தால், கடிகாரம் வயதை ஏற்றித்தான் சொல்லும். மறுபக்கம், அந்தச் செடி காட்டின் நிழலில், நீரோடை அரித்த ஓரங்களில், பூச்சியை நம்பிக் கொஞ்சமே மகரந்தம் செய்து வாழ்ந்திருந்தால், களிமண்ணின் மௌனத்துக்கும் அவ்வளவு எடை கிடையாது. மகரந்தக் கணக்குக்குக் கொஞ்சம் முன்னால், ஆனால் 17 கோடிக்கு மிகவும் இப்பால் என்பதுதான் என் கணிப்பு. அது கணிப்பு மட்டுமே.

பசையால் ஒட்டிய அறை

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மழைக்காடுகளில் ஆம்பொரெல்லா என்றொரு செடி வளர்கிறது. இன்றுள்ள எல்லாப் பூந்தாவரங்களுக்கும் மிகத் தூரத்துப் பங்காளி. 1999-இல் மரபணு ஒப்பீட்டில் அந்த இடம் அதற்குக் கிடைத்தது. மூதாதை என்று எழுதுவது தவறு. மற்ற பூந்தாவரங்களைப்போல அதுவும் அத்தனை கோடி ஆண்டு மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஆனால் அதன் சூலிலையைப் பார்ப்பது பயன்தரும். அவரைக்காயில் இரண்டு விளிம்புத் திசுவும் இணைந்து தையலாகிவிடுகிறது. ஆம்பொரெல்லாவில் விளிம்புகள் திசுவாக இணைவதில்லை. இடையில் சுரக்கும் பசைதான் வாயை அடைத்துவைக்கிறது. ஆரம்பத்தில் கதவைத் தைக்கவில்லை, ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்க இடம் தருகிறது. இப்படிப்பட்ட அறையைத் தட்டையான கல்லில் 'மூடியது' என்றோ 'திறந்தது' என்றோ யார் சொல்ல முடியும்?

சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு, கரியான பூக்கள். ஜுராசிக்கை அடுத்து வந்த கிரிட்டேஷியஸ் காலத்துக் காட்டுத்தீயில், காற்று போதாமல் வெந்த சிறு பூக்கள் எரிந்து சாம்பலாகாமல் கரியாகிவிட்டன. கரி நசுங்காது, பூஞ்சை தின்னாது. தெற்கு ஸ்வீடனின் கயோலின் களிமண் குழியிலிருந்து 1981-இல் இப்படிப்பட்ட பூக்களை முதலில் காட்டினார்கள். போர்ச்சுகலின் மணற்படிவுகளில் அவற்றைவிடப் பழையவை கிடைத்தன. மணலை நீரில் கரைத்து நுண்சல்லடையில் அலசினால் மேலே நிற்கும் கரித்துகள்களில், ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் முழுப் பூ இருக்கும். சமையலறைக் கடுகைவிடச் சிறியது. கை பட்டால் நொறுங்கும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் உள்ளே பார்க்க உடைத்தாக வேண்டும். இப்போது சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் செறிவான எக்ஸ்ரே கற்றையில் சுழற்றி எடுத்தால், உடைக்காமலே எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம்: விளிம்பு இணைந்திருக்கிறதா, சூல் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, மகரந்தப்பைக்குள் இருக்கும் மகரந்தத்தின் சுவர் எப்படி என்று ஒரே மாதிரியில். 17 கோடியை ஒட்டிய வயதில் இப்படி ஒரு கரித்துகள் கிடைத்தால், அன்றைக்கே என் கணிப்பை மாற்றிக்கொள்வேன். ஜுராசிக் காலத்திலும் காடுகள் எரிந்தன, கரியும் கிடைக்கிறது. அலசிப் பார்க்க வேண்டிய மணல் நிறைய இருக்கிறது.

2015-இல் அந்தக் கற்றையில் போர்ச்சுகல், கிழக்கு வட அமெரிக்க விதைகளை வைத்துப் பார்த்தார்கள். 11 கோடியிலிருந்து 12 கோடியே 50 லட்சம் வரை வயதுள்ளவை. சிலவற்றுக்குள் முளைக்கரு இருந்தது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு விதையிலைகளின் மொட்டு தெரிகிறது. சுற்றிலும் அதற்கென்று சேர்த்துவைத்த உணவுத் திசு, செல் செல்லாக. முளைப்பதற்கு முன் விதைக்குள்ளேயே இன்னும் வளர வேண்டிய கரு அது. ஏற்ற காலம் வரும்வரை காத்திருக்கும் வகை. மண்ணில் விழுந்து, காத்திருந்த நிலையிலேயே தீயில் வெந்துபோயிருக்கிறது.